நிறத்தோடு பிறக்கும் பருத்தி

பருத்தியின் நிறம் என்ன என்று எந்தக் குழந்தையைக் கேட்டாலும், "வெள்ளை" என்று தயங்காமல் பதில் வரும். நரைத்த தலையைப் பஞ்சுக்கு ஒப்பிடுகிறோம். சரத்காலத்து மேகத்தையும் பஞ்சுக்கு ஒப்பிடுகிறோம். வெண்மை என்றால் பஞ்சு, பஞ்சு என்றால் வெண்மை என்று நம் மனத்தில் ஊறிப்போயிருக்கிறது. ஆனால், காய் வெடிக்கும்போதே காவி நிறமாகவும், தேன் நிறமாகவும், கருப்பட்டி நிறமாகவும் வெளிவரும் பருத்தியும் உலகில் உண்டு. அந்தப் பஞ்சை நூற்று நெய்த துணிக்குச் சாயத் தொட்டி என்பதே தெரியாது. சாயம் போய்விடுமோ என்ற கவலையும் இல்லை. வெந்நீரும் சவுக்காரமும் போட்டு முதல் சில தடவை துவைத்தால் நிறம் வெளுப்பதற்குப் பதில் இன்னும் சற்று ஆழ்ந்துவிடும்!

இப்படிப்பட்ட பருத்தியைச் செங்கற்பட்டுப் பக்கத்தில் ஒரு வீட்டுக் கொல்லையில் வளர்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, சென்ற மாசி மாதத்தில் ஒரு நாள் சென்னையிலிருந்து புறப்பட்டேன். நேரே செங்கற்பட்டுக்கு ரயில் ஏறியிருந்தால் காரியம் சுலபமாக முடிந்திருக்கும். ஆயினும் கடற்கரைச் சாலையாகச் சுற்றிக்கொண்டு போனேன். துணியின் கதையைத் தேடிப் போகிறவன் அந்தக் கரையைப் பாராமல் போவது, கல்யாண வீட்டுக்குப் போய்ப் பெண்ணையும் பிள்ளையையும் பாராமல் சாப்பிட்டுவிட்டு வருவதற்கு ஒப்பாகும்.

துணிக்காக வந்த கப்பல்கள்

சென்னையே துணியால் பிறந்த ஊர். 1639-ம் வருஷத்தில் ஆங்கிலக் கம்பெனியார் துறைமுகமே இல்லாத ஒரு மணல்திட்டில் இடம் வாங்கிக் கோட்டை கட்ட முற்பட்டதற்கு முக்கியமான காரணம், இந்தச் சுற்று வட்டாரத்தில் நல்ல பருத்தித் துணி மலிவாகக் கிடைத்ததுதான். அவர்கள் மட்டுமா வந்தார்கள்? தெற்கே சென்றால் கோவளம். இன்று வாலிபர்கள் பலகைமேல் நின்று அலைச்சறுக்கு விளையாடும் அந்தக் கடலோரத்தில், 1720-ஐ ஒட்டிய வருஷங்களில் ஆஸ்டெண்டு கம்பெனி என்ற ஐரோப்பிய வர்த்தகக் கூட்டத்தார் கிடங்கு வைத்துத் துணி வாங்கினார்கள்.

மாமல்லபுரத்தில் இறங்கினேன். கற்கோயில்களைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லையாதலால் நான் அதை விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும் சொல்லலாம். கிருஷ்ண மண்டபத்திலே பால் கறக்கும் ஆயனையும், அவன் பக்கத்தில் நிற்கும் ஜனங்களையும் பாருங்கள். இடையிலே உடுத்த துணியின் மடிப்பை உளி கொண்டு நாலைந்து கோடுகளில் காட்டியிருக்கிறான் பல்லவர் காலத்துச் சிற்பி. அந்தத் துணி என்ன நிறமாக இருந்திருக்கும் என்பதைக் கல் சொல்ல மறுக்கிறது.

அங்கிருந்து தெற்கே சுமார் 15 கிலோமீட்டர் போனால் சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர்கள் வாயில் அது "சட்ராஸ்" ஆயிற்று. கடலைப் பார்த்து நிற்கும் செங்கல் கோட்டையும், பூவேலை செதுக்கிய கல்லறைப் பலகைகளும் அவர்கள் இருந்ததற்குச் சாட்சி. அண்டையில் கல்பாக்கத்து அணுமின் நிலையம் இருப்பதால், அணுவைக் காண வருகிறவர்கள் அதிகம். நூலைக் காண வருகிறவர்கள் குறைவு. இந்தக் கோட்டையிலிருந்து கட்டுக்கட்டாகக் கப்பலேறியது மஸ்லின் முதலிய பருத்தித் துணி. கீழ்க் கடல் தீவுகளில் மிளகும் ஜாதிக்காயும் கிராம்பும் வாங்க வேண்டுமானால், அங்குள்ளவர்கள் விரும்பிக் கேட்டது தங்கத்தைவிட இந்தக் கரைத் துணியைத்தான். ஐரோப்பியச் சமையலறையின் வாசனைக்குச் செங்கற்பட்டுச் சீமை நெசவாளியின் உழைப்பும் விலையாகப் போயிற்று என்று சொன்னால் மிகையாகாது.

மணலிலிருந்து எடுத்த சிவப்பு

அந்தத் துணிகளில் வர்ணத் துணி நிறைய உண்டு. அந்த வர்ணம் எங்கிருந்து வந்தது? இந்தக் கரையில் பருத்திக் காயிலிருந்து வரவில்லை. மணலுக்கு அடியிலிருந்து வந்தது. கடலோர மணற்பாங்கில் சாயவேர் என்று ஒரு சின்னஞ்சிறு செடி. பூ வெள்ளையாக, கடுகளவில் இருக்கும்; கண்டுகொள்ளாமல் மிதித்துக்கொண்டு போய்விடுவோம். மணலைத் தோண்டி மெல்லிய வேர்களை ஒவ்வொன்றாக உருவி எடுத்து, உலர்த்தி, இடித்து, படிக்காரம் ஊட்டிய துணியோடு திரும்பத் திரும்பக் காய்ச்சினால் மங்காத சிவப்பு ஏறும். நீலத்துக்கு அவுரி இருந்தது.

எத்தனை கைகள்! வேர் தோண்டுகிற கை, இடிக்கிற கை, துவைக்கிற கை, காய்ச்சுகிற கை. 1868-ல் ஜெர்மானிய ரசாயன நிபுணர்கள் அதே சிவப்புச் சத்தைச் செயற்கையாகச் செய்யக் கற்றார்கள். 1897-ல் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தது. அதற்குப் பிறகு மணலைத் தோண்டுவதற்குக் கூலி கட்டவில்லை. சாயவேர் இன்றும் கடலோரத்தில் தானாக முளைக்கிறது. அதைத் தெரிந்தவர்கள்தான் அருகிவிட்டார்கள்.

செயற்கைச் சாயத்தின் பலனை நாம் அனுபவித்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஏழைக்கும் வர்ணப் புடவை கிடைத்தது அதனால்தான். அதன் மறுபக்கமும் நமக்குத் தெரியும். நொய்யல் ஆற்றில் சாயத் தண்ணீர் ஓடியதும், ஒரத்துப்பாளையம் அணையில் அது தேங்கியதும், 2011-ம் வருஷம் ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதும் தமிழ்நாட்டில் யாருக்கும் மறந்திருக்காது.

வடக்குக் கரையின் காவிப் பஞ்சு

நிறத்தோடு பிறக்கும் பருத்தியின் வீடு, நம் தேசத்தில், இதே கீழைக் கடற்கரையில் இன்னும் வடக்கே இருக்கிறது. ஆந்திரத்துக் காகிநாடாவின் பெயரால் வழங்கிய பருத்தி காவி நிறமுள்ளது. 1940-ஐ ஒட்டிய வருஷங்களில் அது ஜப்பானுக்குக்கூட ஏற்றுமதியாயிற்று. அதற்கும் வடக்கே ஸ்ரீகாகுளம் ஜில்லாவில் பொந்தூரு என்று ஒரு சிற்றூர். கதர் கட்டுகிறவர்கள் அந்தப் பெயரைக் கேட்டால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். காந்தியடிகள் வியந்து பாராட்டிய மெல்லிய நூல் அங்கே நூற்கப்படுகிறது. அவர்கள் பயன்படுத்தும் பருத்திகளில் ஒன்றுக்கு "எர்ர பத்தி", அதாவது சிவப்புப் பருத்தி, என்று பெயர். நெய்து வரும் துணி லேசான பழுப்பு நிறம்.

அந்த ஊர்ப் பெண்கள் பருத்தியைச் சீவுவதற்கு எதை உபயோகிக்கிறார்கள் தெரியுமா? வாளை மீனின் தாடை எலும்பை! அதிலுள்ள நுண்ணிய பல்வரிசை, விதையோடு ஒட்டியுள்ள பஞ்சை முறியாமல் நேராக்கித் தூசியை நீக்கிவிடுகிறது. எந்த ஆலை இயந்திரமும் அந்தக் குட்டை இழைப் பஞ்சிடம் அவ்வளவு பொறுமை காட்டாது. பொந்தூருவில் அந்தப் பருத்தி ஏன் அழியவில்லை என்பதற்கு இதுதான் பதில். அதை நூற்கிறவர்கள் அங்கே இருந்தார்கள். ஆகவே விதைக்கிறவர்களும் இருந்தார்கள்.

மற்ற இடங்களில் நடந்தது வேறு. சீன தேசத்தில் நான்கிங் நகரத்தின் பெயரால் புகழ்பெற்ற மஞ்சள் கலந்த பழுப்புத் துணி ஒன்று இருந்தது. தென்னமெரிக்காவில் பெரு நாட்டில் ஆயிரக்கணக்கான வருஷங்களுக்கு முன்பே பழுப்பும் கபிலமுமான பருத்திகளை வளர்த்தார்கள். ஆலைகள் வந்தபின் எல்லாவற்றுக்கும் ஒரே விதி ஏற்பட்டது. இயந்திரத்துக்கு நீண்ட இழை வேண்டும். ஆயிரம் மூட்டையும் ஒரே மாதிரி இருக்கவேண்டும். எந்தச் சாயமும் ஏறும்படி வெள்ளையாக இருக்கவேண்டும். வெள்ளை மூட்டையில் ஒரு பிடி பழுப்புப் பஞ்சு கலந்தால் விலை போச்சு. எனவே நிறப் பருத்திக்கு வயலில் இடமில்லாமற் போயிற்று. 1982-ல் அமெரிக்காவில் கலிபோர்னியாவில் ஸாலி பாக்ஸ் என்ற பெண்மணி பழுப்புப் பருத்தி விதைகளைத் தேர்ந்தெடுத்து, ஆலையில் நூற்கும்படி இழையை நீளமாக்கி வெற்றி கண்டார். ஆனால் அக்கம்பக்கத்து வெள்ளைப் பருத்திக்காரர்களின் அச்சத்தால் அவர் பண்ணையையே இடம் மாற்ற நேர்ந்தது. நம் தேசத்தில் தார்வாட் விவசாயப் பல்கலைக்கழகத்தாரும் நாகபுரியிலுள்ள மத்தியப் பருத்தி ஆராய்ச்சி நிலையத்தாரும் நிறப் பருத்தி வகைகளை வெளியிட்டிருக்கிறார்கள்.

கொல்லையில் ஒரு பாத்தி

சதுரங்கப்பட்டினத்தை விட்டு மேற்கே திரும்பினால், சற்று நேரத்தில் திருக்கழுக்குன்றத்து மலை கண்ணில் படும். தினம் உச்சிப்பொழுதில் கழுகுகள் வந்து பிரசாதம் உண்டு சென்ற குன்று அது. சென்ற நூற்றாண்டின் முடிவோடு அவை வருவது நின்றுவிட்டது. ஊர்ப் பெயரில் கழுகு இருக்கிறது, வானத்தில் இல்லை. அழிவு என்பது இடியோடு வருவதில்லை, ஒரு நாள் வராமற் போவதுதான் என்று எண்ணிக்கொண்டே, நான் தேடிவந்த கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். அரை ஏக்கர் செம்மண் மனை. நாலு தென்னை, ஒரு கிணறு, ஒரு பசு. கொல்லைக்கோடியில் பன்னிரண்டு அடி நீளமும் ஐந்து அடி அகலமும் உள்ள மேட்டுப் பாத்தியில் முப்பது செடிகள், இடுப்புயரம். காய்கள் வெடித்திருந்தன. தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ செடியெங்கும் தேன்குழல் மாவை வறுத்துத் தூவியதுபோல் இருந்தது.

"தொட்டுப் பாருங்கள், தம்பி" என்றார். தொட்டேன். பழைய காசிப்பட்டைத் தொட்ட மாதிரி இல்லை. புதுச் சணல் மாதிரியும் இல்லை. பூனைக்குட்டியின் கழுத்து மாதிரி இருந்தது.

இன்னும் வெடிக்காத ஒரு காயைப் பிளந்து காட்டினார். உள்ளே ஈரப் பஞ்சு வெள்ளையாகவே இருந்தது! காற்றும் வெயிலும் பட்ட பிறகுதான் நிறம் வருகிறதாம். இழைக்குள்ளே இருக்கும் துவர்ப்புச் சத்து, நறுக்கிய வாழைக்காய் கறுப்பதுபோல், பழுப்பாகிறது.

விதை ஸ்ரீகாகுளத்துப் பக்கத்திலிருந்து ஓர் உறவினர் மூலம் ஒரு பிடி வந்ததாம். "ஆடிப் பட்டம் தேடி விதை என்று சொல்வார்களே, ஆடியிலா விதைத்தீர்கள்?" என்று கேட்டேன்.

"முதல் வருஷம் அப்படித்தான் செய்தேன். நம் கரையில் ஐப்பசி, கார்த்திகையில்தானே மழை கொட்டுகிறது? காய் வெடிக்கிற சமயத்தில் அடைமழை. பஞ்சு முழுவதும் அழுகிற்று. பதினொரு செடிதான் மிஞ்சியது. அதிலிருந்து விதை எடுத்தேன். இப்போது புரட்டாசியில் விதைக்கிறேன். மழையில் செடி வளரும். மார்கழிப் பனியில் பூக்கும். தை, மாசி வெயிலில் வெடிக்கும். ஒன்று மட்டும் கவனம்: வேரில் தண்ணீர் நிற்கக்கூடாது. அதனால்தான் பாத்தியை மேடாக்கினேன்."

விதையைச் சாணத்திலும் செம்மண்ணிலும் பிசைந்து, நிழலில் உலர்த்தி விதைப்பார்களாம். அப்படிச் செய்யாவிட்டால் விதையைச் சுற்றியுள்ள குறும்பஞ்சு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தொழுவுரம் போதும். காய்ப்புழுவுக்கு வேப்பங்கொட்டைக் கரைசல். அறுவடை ஆனதும் பழைய செடிகளைப் பிடுங்கிவிடவேண்டும். விட்டுவைத்தால் புழுக்களுக்கு அதுவே சத்திரமாகிவிடும்.

பூவைக் கட்டும் நூல்

பல செடிகளில் காம்புகளில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. திருஷ்டிக்கோ என்று நினைத்தேன். அவர் சிரித்தார்.

"விதைக் காப்பு, தம்பி. நாளைக்கு மலரப்போகும் மொட்டை இன்று சாயங்காலமே தெரிந்துகொள்ளலாம். அதன் நுனியை நூலால் கட்டிவிட்டால் வண்டு உள்ளே நுழையாது. தன் மகரந்தமே தனக்கு. அந்தக் காயின் விதையைத்தான் அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்கிறேன்."

பருத்திப் பூ பெரும்பாலும் தன்னாலேயே கருவுறும்; ஆனால் தேனீக்கள் ஓரளவு கலந்துவிடும். வெள்ளைப் பருத்தி கலந்தால் பழுப்பு மங்கும். இரண்டு மூன்று தலைமுறையில் காவி போய் அழுக்கு வெள்ளைதான் மிஞ்சும். இங்கே ஓர் அதிசயமான பாதுகாப்பும் உண்டு. நம் பழைய நாட்டுப் பருத்தியின் உயிரணுவில் 26 நிறத்திரிகள்; அமெரிக்க வகைகளில் 52. இரண்டும் சேர்ந்தால் பெரும்பாலும் மலடுதான். 2002-ல் சர்க்கார் அனுமதி பெற்று, இன்று தேசத்துப் பருத்தி நிலங்களில் பெரும்பகுதியை ஆக்கிரமித்திருக்கும் பி.டி. பருத்தி அமெரிக்க இனத்தைச் சேர்ந்தது. ஆகையால் பக்கத்து வயலில் அது இருந்தாலும் கொல்லையிலுள்ள நாட்டுப் பருத்தியின் குலம் கெடுவது அரிது. அருகில் வெள்ளை நாட்டுப் பருத்தி இருந்தால்தான் இந்த நூல் அவசியம். அவர் வீட்டில் கிணற்றடியில் விளக்குத் திரிக்காக அப்படி ஒரு வெள்ளைச் செடி இருக்கிறது. அதற்காக அந்தக் காப்பு.

பாத்தி எவ்வளவு துணி தரும்?

கூடத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். நன்றாக வளர்ந்த செடி ஒன்றில் பதினைந்து இருபது காய். கொட்டையோடு எடுத்தால் காய்க்குச் சுமார் 2 கிராம். கொட்டை போனால் மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சு. ஆகச் செடிக்குப் பத்துப் பன்னிரண்டு கிராம். முப்பது செடிக்குச் சேதம் போக 300 கிராம். இழை குட்டையாதலால் 12-ம் நம்பர் நூல்தான் சுகமாக வரும். அந்தப் பஞ்சில் சுமார் 6,600 கஜம் நூல் நூற்கலாம். ராட்டையில் மணிக்கு 250 கஜம் நூற்கிறவர் தினம் அரை மணி உட்கார்ந்தால் ஏறக்குறைய ஐம்பத்து மூன்று நாள். அதில் நெய்தால் இரண்டு துண்டு.

"ஆறு மாதம் பாடுபட்டு இரண்டு துண்டா?" என்று என் முகத்தில் எழுதியிருந்ததோ என்னவோ, அந்த வீட்டு அம்மாள் காபியை வைத்துவிட்டுச் சொன்னார்: "நானும் அப்படித்தான் சொன்னேன், தம்பி. அதுவும் இந்த நிறத்தைப் பார்த்துவிட்டு, 'இதென்ன அழுக்குப் பஞ்சு, விளக்குக்குக்கூட ஆகாது' என்றேன். இவர் நூலைக் கொண்டுபோய்க் காட்டினால் நெய்கிறவரும், 'கறை பட்ட நூலாயிருக்கிறதே, ஐயா' என்று திருப்பிவிட்டார். பிறகு நான்தான் போய்ப் பேசினேன்."

"என்ன சொன்னீர்கள், அம்மா?"

"என்ன சொல்வது? ஒரு சிட்டத்தை அவர் வீட்டிலேயே வெந்நீரில் அலசிக் காட்டினேன். தண்ணீரில் கறை இறங்கவில்லை; நூல்தான் இன்னும் கறுத்தது. அவர் பெண்சாதி அதைக் கையில் வைத்துக்கொண்டு விடவே மாட்டேன் என்றாள்!"

தறியில் ஏற்ற அவ்வளவு கொஞ்சம் நூல் பாவுக்குப் போதாது. ஆகவே நெசவாளர் வெள்ளை நூலில் பாவு போட்டு, இந்தப் பழுப்பு நூலை ஊடையாக விட்டு நெய்து கொடுத்திருக்கிறார். இந்த யுக்தியால் இரண்டு துண்டுக்கான நூல் நாலு துண்டுக்கு வந்துவிட்டது. துண்டை எனக்கு விரித்துக் காட்டினார்கள். கோதுமை முற்றிய வயலில் மாலை வெயில் விழுந்தால் என்ன நிறமோ, அந்த நிறம்.

இந்தப் பருத்தியால் நொய்யல் தெளிந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. பழுப்பும் பச்சையும் தவிர வேறு நிறம் இதில் கிடையாது. பச்சையோ வெயிலில் மங்கக்கூடியது. கல்யாணக் கூறைக்கும் தீபாவளிச் சட்டைக்கும் நாம் சாயத்தை நாடத்தான் வேண்டும். ஆலைக்கு இது பயன்படாது என்ற தீர்ப்பு ஆலையைப் பொறுத்தவரையில் நியாயமானதே. ஆனால் ஆலைக்குப் பயன்படாததெல்லாம் உலகத்தில் இருக்கக்கூடாது என்று யார் விதித்தார்கள்? கொல்லையில் ஒரு பாத்தியும், கூடத்தில் ஒரு ராட்டையும் உள்ள வீட்டுக்கு அது பயன்படுகிறது. விதை என்பது சீசாவில் அடைத்து அலமாரியில் வைத்தால் சில வருஷங்களில் செத்துப்போகிற வஸ்து. யாராவது அதை விதைக்கவேண்டும். விதைப்பதற்கு யாராவது அதை நூற்கவேண்டும். நூற்பதற்கு யாராவது அதை உடுத்தவேண்டும். பொந்தூருப் பெண்கள் வாளை மீன் தாடையால் காப்பாற்றியதும் இதைத்தான்.

மாலை ரயிலுக்குச் செங்கற்பட்டு போகவேண்டும் என்று எழுந்தேன். ஆசிரியர் உள்ளே போய் ஒரு காகிதப் பொட்டலம் கொண்டுவந்தார். சிவப்பு நூல் கட்டிய காய்களிலிருந்து எடுத்த விதை, எண்ணி நாற்பது.

"விலை என்ன, ஐயா?"

"விலை இல்லை. கடன். புரட்டாசியில் விதையுங்கள். மாசியில் எண்பதாகக் கொண்டுவந்து கொடுங்கள். நாற்பது எனக்கு, நாற்பது, உங்களுக்குப் பிறகு இங்கே வந்து கேட்கிறவருக்கு."

சென்னையில் எனக்கிருப்பது மொட்டைமாடிதான். ஆனாலும் வாங்கிக்கொண்டேன். எட்டுத் தொட்டியும் செம்மண்ணும் தயார் செய்துவிட்டேன். நேயர்களில் யாருக்காவது கொல்லை இருந்தால், மாசிக்குப் பிறகு விதை கேட்கலாம். நிபந்தனை அதேதான்.